சிறப்பு நிறத்தில் வந்த ஸ்போர்ட்ஸ் கார்: நிறம் பொருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இரண்டு கதவுகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார், ஐந்து ஆண்டுகள் ஓடியது. நிறுத்தி வைத்திருந்தபோது பின்னோக்கி வந்த ஒரு வேன் அதன் இடப்பக்க முன் மூலையில் இடித்தது. பம்பரின் இடது முனை கிழிந்தது. இடது ஃபெண்டரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு விழுந்தது. கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடியை மட்டும் பார்த்தால் எந்தப் பட்டறையும் தயங்காமல் ஏற்கும் வேலை இது.

சிக்கல் நிறத்தில் இருந்தது. உரிமையாளர் இந்தக் காரை வாங்கியபோது பட்டியலில் உள்ள எந்த நிறத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. தம் தந்தை வைத்திருந்த பழைய காரின் கரும்பச்சையை அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் பொன் சாயல் கொண்ட பேர்ல் (முத்துபோல் மினுங்கும் துகள் பூச்சு) சேர்த்துத் தொழிற்சாலையிலேயே பூசி வாங்கியிருந்தார். போர்ஷேவின் 'பெயிண்ட் டு சாம்பிள்', ஃபெராரியின் 'டெய்லர் மேட்', லம்போர்கினியின் 'ஆட் பெர்சோனம்', பி.எம்.டபிள்யூ.வின் 'இண்டிவிஜுவல்' போன்ற ஏற்பாடுகள் இப்படிப்பட்டவர்களுக்காகவே இருக்கின்றன. இந்தக் கார் எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே தேவைப்படாது.

நிழலில் அது கறுப்புக் கார். வெயிலுக்கு வந்தால் பச்சை எழும். உடலின் வளைவுகளில் மட்டும், வெளிச்சம் நேராக விழும் கோட்டில், பொன்தூள் தூவியது போன்ற மினுக்கம் தெரியும். இந்த மூன்று தோற்றங்களும் சேர்ந்ததுதான் அந்த நிறம். இதைச் சொல்வதற்குக் காரணம், முதலில் பழுது பார்த்தவர்கள் அவற்றில் ஒன்றை மட்டுமே பொருத்தியிருந்தார்கள்.

## முதல் பழுது

கார் எங்களிடம் வருவதற்கு முன்பே வேறொரு பட்டறையில் பூசப்பட்டிருந்தது. காரின் ஒட்டுச்சீட்டில் நிறக் குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் 'சிறப்பு நிறம்' என்பதைக் குறிக்கும் பொது எண் மட்டுமே இருந்தது. அது எல்லாச் சிறப்பு நிறங்களுக்கும் பொதுவானது என்பதால் எந்தச் சூத்திரத்துக்கும் வழிகாட்டாது. ஆகவே அவர்கள் நிறம் அளக்கும் கருவியைக் கதவில் வைத்து, பெயிண்ட் நிறுவனத்தின் தொகுப்பில் மிக நெருங்கிய பச்சையை எடுத்து, ஃபெண்டரையும் பம்பரையும் முழுதாகப் பூசி, கதவின் விளிம்போடு நிறுத்திவிட்டார்கள்.

"காலையில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது, தம்பி. சாயங்காலம் பார்த்தால் வேறு காரின் ஃபெண்டரைக் கழற்றி மாட்டியது போல் இருக்கிறது" என்றார் உரிமையாளர். அறுபதைக் கடந்தவர், நிறங்களைப் பற்றித் தொழில் முறையில் எதுவும் அறியாதவர். ஆனால் குறையை இதைவிடத் துல்லியமாக எங்களில் யாரும் சொல்லியிருக்க முடியாது.

## நாங்கள் கண்டவை

முதல் நாள் பெயிண்ட் டப்பா எதையும் திறக்கவில்லை. காரைக் கழுவி, மெழுகை நீக்கி, அளக்கப்போகும் இடங்களை லேசாக பாலிஷ் செய்தோம். அழுக்கோ மெல்லிய கீறல்களோ படிந்த பரப்பில் எடுக்கும் அளவு, நிறத்தோடு அவற்றையும் சேர்த்தே அளந்துவிடும்.

பூச்சின் தடிமனை முதலில் பார்த்தோம். தொழிற்சாலைப் பூச்சு இருந்த கதவில் 115 முதல் 135 மைக்ரான் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை. இடது ஃபெண்டரில் 300 மைக்ரானைத் தாண்டியது. பழைய பூச்சை நீக்காமல் அதன்மேலேயே பள்ளம் நிரப்பும் பட்டி, பிரைமர் என்னும் அடிப்பூச்சு, நிறம், கிளியர் என்னும் நிறமற்ற மேல்பூச்சு எல்லாம் ஏறியிருந்தன. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் உலோகத்துக்கான தடிமன் கருவி அங்கே வேலை செய்யாது.

பிறகு நிறம். இத்தகைய பூச்சை ஒரே கோணத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கண்ணாடிபோல் ஒளி திரும்பும் திசையிலிருந்து 15, 25, 45, 75, 110 பாகை விலகி ஐந்து கோணங்களில் அளக்கும் கருவியை வைத்தோம். சிறிய கோணங்கள் நேர்ப்பார்வையைக் காட்டும். தொழிலில் அதை ஃபேஸ் என்கிறோம். பெரிய கோணங்கள் சாய்ந்து பார்க்கும்போது தெரியும் ஃப்ளாப்பைக் காட்டும். 45 பாகையில் ஃபெண்டரும் கதவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 15 பாகையில் ஃபெண்டர் வெளுத்தது. 110 பாகையில் கதவு ஆழ்ந்த பச்சையாக இருக்க, ஃபெண்டர் சாம்பல் படிந்தது போல் இருந்தது. காலைக்கும் மாலைக்கும் உரிமையாளர் கண்ட வேறுபாடு இதுதான்: சூரியன் இடம் மாறும்போது ஒளி விழும் கோணமும் மாறிவிடுகிறது.

ஏன் என்பதை ஒரு சிறிய பூதக்கண்ணாடி சொன்னது. வெயிலில் வைத்துப் பெருக்கிப் பார்த்தபோது கதவில் பொன்னிற மைக்காத் துகள்கள் மட்டுமே தெரிந்தன. ஃபெண்டரில் வெள்ளி நிற அலுமினியத் துகள்கள் நிறைந்திருந்தன. மைக்கா ஒளியின் ஒரு பகுதியைத் தன் வழியே விடும். அதனால் அடியில் இருக்கும் பச்சை தெரியும். அலுமினியம் ஒளியை விடாது, கண்ணாடித் துண்டுபோல் திருப்பியடிக்கும். அலுமினியத்தைக் கொண்டு மைக்காவின் மினுக்கத்தைப் போலச் செய்தால் ஒரு கோணத்தில் ஏமாற்றலாம். எல்லாக் கோணங்களிலும் முடியாது.

கடைசியாக இருட்டிய பின் மஞ்சள் வெளிச்சம் தரும் விளக்கின் கீழ் பார்த்தோம். கதவு பச்சையாகவே இருந்தது, ஃபெண்டர் பழுப்புக்குத் திரும்பியது. ஒரு வெளிச்சத்தில் ஒத்தும் மற்றொன்றில் விலகியும் போனால் இரண்டிலும் உள்ள நிறமிகள் வேறு வேறு என்று பொருள். இதைச் சிறு திருத்தங்களால் சரிசெய்ய முடியாது. நிறமிகளையே மாற்ற வேண்டும்.

## எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ஏற்கெனவே பூசியதன்மேல் பூசுவதில்லை என்பது. ஃபெண்டரை உலோகம் வரை சுரண்டினோம். 300 மைக்ரானுக்கு மேல் இன்னும் ஓர் அடுக்குத் தொகுதி ஏற்றினால் பிற்காலத்தில் வெடிப்பு வர வாய்ப்புண்டு, அடியில் இருக்கும் பட்டியையும் நாங்கள் நம்பவில்லை. பம்பரைச் சுரண்டாமல் புதிதாக வாங்கச் சொன்னோம். அதன் பின்னால் ரேடார் உணரி இருந்தது. உலோகத் துகள் கலந்த பூச்சும் கூடுதல் தடிமனும் ரேடார் அலையைப் பலவீனமாக்கும் என்பதால், அந்தப் பகுதியில் பட்டி வைப்பதையும் அடுக்குமேல் அடுக்காகப் பூசுவதையும் பல கார் நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. கிழிந்த பம்பரை ஒட்டவைத்து, அதன்மேல் அலுமினியம் கலந்த பச்சையைப் பூசியிருந்த முதல் வேலை எனக்கு நிறத்தைவிடப் பெரிய கவலையைத் தந்தது.

இரண்டாவதாக, காரின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து, உண்மையான நிறக் குறியீட்டை விற்பனையாளர் வழியாகத் தொழிற்சாலையிடமே கேட்டோம். மூன்று வாரங்கள் ஆயின. குறியீட்டைக் கொண்டு பெயிண்ட் நிறுவனம் ஒரு சூத்திரம் தந்தது. அது பணியின் முடிவன்று, தொடக்கம் மட்டுமே. ஆனால் அதில் இருந்த ஒரு செய்தி காத்திருந்ததற்கு ஈடானது: இது மூன்று கட்டப் பூச்சு. அடியில் துகளில்லாத கரும்பச்சை. அதன்மேல் மைக்கா மட்டும் கலந்த, ஒளி புகும் இடைப்பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே கிளியர். முதல் பட்டறை இதையே ஒரே பூச்சில் அடக்க முயன்றிருந்தது.

மூன்றாவது முடிவுதான் கடினமாக இருந்தது. ஃபெண்டரில் எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும், இத்தகைய நிறத்தைக் கதவின் விளிம்பில் கத்தரித்தது போல் நிறுத்தக் கூடாது. இடைப்பூச்சைக் கதவின் பாதி வரை படிப்படியாக மெலிதாக்கிக் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும், கதவு முழுவதும் புதிய கிளியர் ஏற வேண்டும். உரிமையாளர் இதை ஏற்கவில்லை.

"கதவில் ஒரு கீறல்கூட இல்லை. தொழிற்சாலைப் பூச்சு இருக்கும் இடத்தை எதற்குத் தொட வேண்டும்?"

அவர் கேட்டது நியாயம். இத்தகைய கார்களில் அசல் பூச்சுக்கு மதிப்பு உண்டு. பிற்காலத்தில் வாங்குபவர் தடிமன் கருவியோடு வந்து ஒவ்வொரு பகுதியையும் அளப்பார். நான் அவரிடம் இரண்டு தகட்டு மாதிரிகளைக் காட்டினேன். இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து, ஒரே நாளில், இரண்டு பேர் பூசியவை. ஒன்று ஈரமாகப் பூசப்பட்டது, மற்றது உலர்வாக. ஈரமான பூச்சில் துகள்கள் உள்ளே அமிழ்ந்து நிறம் கறுத்திருந்தது. உலர்வான பூச்சில் துகள்கள் மேலே படுத்து வெளுத்திருந்தது. "ஒரே பெயிண்டுக்கே இவ்வளவு வித்தியாசம், சார். தொழிற்சாலையில் மணி வடிவ முனை சுழலும் கருவி மின்னேற்றத்தோடு பூசுகிறது, ஏறக்குறைய 140 டிகிரியில் சுடுகிறார்கள். நாங்கள் கையில் ஸ்பிரே கன் பிடித்துப் பூசி 60 டிகிரியில் உலர்த்துகிறோம். மிச்சம் இருக்கும் வித்தியாசத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கரைக்கத்தான் கதவைக் கேட்கிறேன்" என்றேன்.

இரண்டு நாள் யோசித்து ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. முன் மூடியை (பானெட்டை) தொடக் கூடாது. அதை மகிழ்ச்சியோடு ஏற்றோம். ஃபெண்டர் செங்குத்து, முன் மூடி கிடைமட்டம். இரண்டையும் கண் ஒரே கோணத்தில் பார்ப்பதில்லை, நடுவில் இடைவெளிக் கோடும் இருக்கிறது. சிறு வேறுபாட்டை அந்த மடிப்பு மறைத்துவிடும். தட்டையாகத் தொடரும் ஃபெண்டர்–கதவுச் சந்திப்பு எதையும் மறைக்காது.

## மாதிரி அட்டைகள்

இந்தக் கட்டத்தில்தான் நானே ஒரு தவறு செய்தேன்.

பொருத்துவதற்கான மாதிரியாகப் பலரும் செய்வதுபோல எரிபொருள் மூடியைக் கழற்றிக் கலவை அறைக்குக் கொண்டுபோனேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வசதியாக இருந்தது. மூன்று நாட்களில் ஐந்து அட்டைகள் பூசி, மூடியோடு அருமையாகப் பொருந்தும் ஓர் அட்டையை எட்டினேன். அதைக் கதவில் வைத்தபோது பொருந்தவில்லை. அட்டை ஒரு சாயல் வெளிறியும் பொன் கூடியும் இருந்தது.

காரணம் பிறகு தெளிவானது. அந்தக் காரில் எரிபொருள் மூடி வலது ஃபெண்டரின் மேல்பகுதியில், வானத்தைப் பார்த்தபடி இருக்கிறது. கிடைமட்டப் பரப்பில் துகள்கள் படுக்கும் விதம் வேறு, செங்குத்துப் பரப்பில் வேறு. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பூசிய காரிலும் இந்த வேறுபாடு இருக்கலாம். ஐந்து ஆண்டு வெயிலும் மேல்நோக்கிய பரப்புக்கே அதிகம் கிடைத்திருக்கிறது. நாங்கள் பொருத்த வேண்டியது கதவோடு. மூன்று நாட்கள் வேறொரு பரப்பைப் பொருத்தப் போயின.

மறுபடி தொடங்கினோம். முதலில் அடிநிறம். இடைப்பூச்சு இல்லாமல் அதைத் தனியாகப் பார்க்க முடிந்தால்தான் சரியாகக் கலக்க முடியும். முன் மூடியைத் திறந்தால், உட்புற மூலைகளில் தொழிற்சாலை இடைப்பூச்சை ஏறக்குறையப் பூசாமலே விட்டிருந்தது. அங்கே தெரிந்த பச்சையைப் பார்த்து அடிநிறத்தை அமைத்தோம். கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட அட்டையில் பூசி, எத்தனை அடுக்கில் கட்டம் மறைகிறது என்றும் குறித்தோம். பிரைமரை அதற்கேற்ற அடர்ந்த சாம்பலில் தேர்ந்தெடுத்தோம். பிரைமர் வெளிறி இருந்தால் கரும்பச்சைக்குக் கூடுதல் அடுக்குகள் தேவைப்படும், தடிமனும் ஏறும்.

பிறகு படிநிலை அட்டை. ஒரு நீண்ட தகட்டில் அடிநிறத்தை முழுவதும் பூசி, மாஸ்கிங் தாளால் நான்கு பட்டைகளாகப் பிரித்து, இடைப்பூச்சை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடுக்குகளாக ஏற்றி, மேலே முழுக் கிளியர் அடித்து உலர்த்தினோம். கிளியர் இல்லாத அட்டையைப் பார்த்து நிறத்தை முடிவு செய்வது பயனற்றது. கிளியர் ஏறியதும் நிறம் ஆழ்ந்துவிடும்.

கதவில் வைத்துப் பார்த்தபோது இரண்டாம் பட்டையில் பொன் போதவில்லை, மூன்றாம் பட்டையில் மிஞ்சியது. உண்மை நிறம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. இரண்டரை அடுக்கு என்று யாராலும் பூச முடியாது. நிறமியில்லாத தெளிவான பைண்டரை (நிறமியைப் பிடித்து நிறுத்தும் திரவத்தை) சேர்த்து இடைப்பூச்சைச் சற்று மெலிதாக்கினோம், மூன்று அடுக்கில் இரண்டரை அடுக்கின் பலன் வரும்படி. அடிநிறத்தில் நீலத்தை ஒரு துளி குறைத்தோம். சிறிய கலவையில் 0.1 கிராம் டோனர் (நிறமிக் கலவை) கூடினாலே கண்ணில் படும் என்பதால், இந்தத் திருத்தங்களை அதிக அளவு கலவையில் செய்தோம்.

பதினோராவது அட்டை ஐந்து கோணங்களில் நான்கில் கதவோடு ஒன்றியது. 110 பாகையில் மட்டும் மயிரிழை கறுப்பாக இருந்தது. வெயிலில், நிழலில், மஞ்சள் விளக்கில், நின்றும் குனிந்தும் பார்த்தோம். அட்டையைப் பூசியவரே காரையும் பூசுவார், அதே 1.3 மி.மீ. முனை, அதே காற்றழுத்தம், அதே தூரம் என்று எழுதி அட்டையின் பின்னால் ஒட்டினோம். பெயிண்டருக்கு இருபது ஆண்டு அனுபவம். "என் கையை நீ ஏன் எழுதி வைக்கிறாய்?" என்று முதலில் சற்று வருத்தப்பட்டார். ஆனால் மறுநாள் அவரே அட்டையை எடுத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்பதையும் சேர்த்து எழுதினார்.

## பூசியபோது

ஃபெண்டரும் பம்பரும் முதல் முறையிலேயே நன்றாக அமைந்தன. பம்பரைக் காரிலிருந்து தனியாக, ஆனால் மாட்டும் நிலையிலேயே தாங்கியில் நிறுத்திப் பூசினோம். படுக்க வைத்துப் பூசியிருந்தால் துகள்கள் வேறு விதமாக அமர்ந்திருக்கும்.

கதவில் தவறினோம். இடைப்பூச்சைக் கரைத்த இடத்தில், கிளியர் உலர்ந்த பின், சாய்வாகப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு வெளிறிய வளையம் வந்தது. கரைப்பின் எல்லையில் பறந்து விழுந்த துகள்கள் ஏற்கெனவே காய்ந்திருந்த பரப்பில் இறங்கி, படுக்க முடியாமல் குத்திட்டு நின்றுவிட்டன. அந்தப் பரப்பில் முதலில் தெளிவான பைண்டரை மெல்லிய ஈரப்படுகையாகப் பூசியிருந்தால் துகள்கள் அதில் அமிழ்ந்து படுத்திருக்கும். அன்று பூத்தின் (பெயிண்ட் பூசும் அறையின்) சூடு நன்றாக இருந்தது, எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் படியைத் தாண்டிவிட்டோம்.

உரிமையாளரிடம் அன்றே சொன்னோம். அவர் பார்த்து, "எனக்குத் தெரியவில்லையே" என்றார். குனிந்து பார்க்கச் சொன்னேன். தெரிந்தது. கதவின் கிளியரைச் சமமாகத் தேய்த்து, ஈரப்படுகை போட்டு, இடைப்பூச்சை மறுபடி கரைத்து, கிளியர் ஏற்றினோம். ஒவ்வோர் அடுக்கும் முந்தைய அடுக்கைவிட ஒரு சாண் தள்ளி முடியும்படி பார்த்துக்கொண்டோம். இரண்டாம் முறை வளையம் இல்லை.

## ஒப்படைப்பும் அதன் பின்னும்

கார் ஒரு முழு நாள் வெளியே நின்றது. காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் உரிமையாளரோடு சேர்ந்து பார்த்தோம். எந்த வெளிச்சத்திலும் ஃபெண்டர் தனித்துத் தெரியவில்லை. மஞ்சள் விளக்கின் கீழும் பச்சையாகவே நின்றது. வலது ஃபெண்டரின் அசல் பூச்சோடு புதிய பம்பரை ஒப்பிட்டால், மாலை வெயிலில் மிகச் சாய்வாகப் பார்க்கும்போது பம்பர் இம்மியளவு கறுப்பு. பல கார்களில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பம்பர் உடலிலிருந்து சற்று விலகித்தான் இருக்கும். உலோகத்தைச் சுடும் சூட்டைப் பிளாஸ்டிக் தாங்காது என்பதால் அதைத் தனியாகப் பூசுகிறார்கள். இருந்தாலும் அதை அவருக்குச் சுட்டிக்காட்டி, கைப்பட எழுதியும் கொடுத்தோம். ரேடார் உணரியைச் சரிபார்த்துச் சீரமைத்த அறிக்கையும், கதவின் புதிய தடிமன் அளவுகளும் அதே தாளில் இருந்தன.

ஆறு மாதம் கழித்துக் கார் திரும்ப வந்தது, வேறு வேலைக்காக. அதே இடங்களில் அளந்தோம். நிறம் நகரவில்லை.

## அடுத்த முறை மாற்றுபவை

மாதிரிப் பரப்பு இனி எரிபொருள் மூடி அன்று. பூசப்போகும் பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும், அதே திசையைப் பார்க்கும் பரப்பே மாதிரி. அதைக் கழற்றிக் கொண்டுபோக முடியாது என்றால் அட்டையோடு நாம்தான் காருக்கு நடக்க வேண்டும்.

தொழிற்சாலைக்கு நிறக் குறியீடு கேட்டு எழுதுவதை கார் வந்த அன்றே செய்கிறோம். இந்த முறை அளவெல்லாம் எடுத்து முடித்த பிறகே கேட்டோம். முதல் நாளே கேட்டிருந்தால் காத்திருந்த மூன்று வாரத்தில் ஒரு வாரமாவது மிச்சமாகியிருக்கும்.

பேர்லோ மெட்டாலிக்கோ கரைக்கும் எந்தப் பரப்பிலும் ஈரப்படுகை கட்டாயம் என்று பூத்தின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வேலை நன்றாகப் போகும் நாட்களில்தான் அது மறக்கிறது.

பதினோராவது அட்டையை, அதன் பின்னால் எழுதிய குறிப்போடு, உரிமையாளரிடமே கொடுத்தோம். எங்களிடம் ஒரு நகல் அட்டை இருக்கிறது. அடுத்து அந்தக் காரைத் தொடுபவர் எந்தப் பட்டறையில் இருந்தாலும், மூன்று கட்டப் பூச்சு என்பதையும் இடைப்பூச்சு எத்தனை அடுக்கு என்பதையும் அவர் முதல் நாளே அறிந்திருப்பார்.